ஓவிய ஆசான்

நூலைப் படித்து அறியத்தக்க கல்வி ஒன்று; ஒருவர் செய்யக் கண்டு, தாமும் செய்து பழகி அறியத்தக்க கல்வி மற்றொன்று. நீந்துதலைப் பற்றி எத்துணை நூல்களைக் கற்பினும், நீரில் இறங்காதவன் நீந்த அறியான். ஓவியமும் சிற்பமும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவை. ஆதலின், அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் தாமும் நாள்தோறும் தூரிகை பிடிப்பவராகவோ உளி ஏந்துபவராகவோ இருத்தல் நலம். அத்தகைய ஆசானிடம் மாணவர் பெறும் பயன் யாது என்பதைச் சென்னை ஓவியப் பள்ளியின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்தும்.

அப்பள்ளி, அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவரால் 1850-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்றது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி என வழங்குகிறது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், வங்காளத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் இராய் சௌத்ரி ஆவர். சென்னைக் கடற்கரையில் நால்வர் ஒன்றுகூடிப் பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க முயல்வதாக அமைந்த உழைப்பாளர் சிலையை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1959-இல் நிறுவப்பெற்ற அச்சிலை அவர் கைவண்ணமே. ஆசிரியராய் இருந்த காலத்தும் அவர் தம் உளியைக் கீழே வைத்தாரல்லர்.

அவரிடம் பயின்றவருள் ஒருவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த இவர், இளமையில் குடும்பத்தின் பொருட்டுத் தந்தித் துறையில் பணிபுரிய நேர்ந்தது. எனினும் ஓவிய வேட்கை அவரை விட்டு அகலவில்லை. தம் 25-ஆம் வயதில் அவர் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957 முதல் 1967 வரை அதன் தலைவராகவும் விளங்கினார்.

ஆசானிடம் கற்ற மாணவர், ஆசானைப் போலவே செய்தல் வேண்டுமோ? பணிக்கர் அவ்வாறு செய்திலர். இராய் சௌத்ரியின் சிற்பங்கள் உடலின் உண்மைத் தோற்றத்தைக் காட்டுவன. பணிக்கரோ வண்ணத்தின் வழியும் கோட்டின் வழியும் வேறொரு நெறியைத் தேடினார். ஆசானிடம் அவர் பெற்றது ஆசானின் பாணியை அன்று. ஓயாது உழைக்கும் இயல்பையே ஆகும்.

அத்தேடல் அவர் முதுமையை நெருங்கிய பின்பும் ஓயவில்லை. கணிதம் பயிலும் மாணவர் ஒருவரின் குறிப்பேட்டில் எண்களும் எழுத்துகளும் வடிவக் கோடுகளும் நெருங்கிக் கிடந்த தோற்றம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் பயனாக, 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். படித்துப் பொருள் கொள்ள இயலாத எழுத்து வடிவங்களும், சாதகக் கட்டங்களை ஒத்த வரைவுகளும் அவ்வோவியங்களில் நிறைந்துள்ளன. அப்போது அவர்க்கு வயது 52. புகழும் பதவியும் ஒருங்கே வாய்த்திருந்த காலம். கைவந்த முறையை விடுத்து, கைவாராத ஒன்றை முயலத் துணிந்த ஆசானை மாணவர் நேரிற் கண்டனர். கல்விக்கு முடிவில்லை என்பதை இதனினும் தெளிவாக எந்த நூல் உரைக்க வல்லது?

அப்பள்ளியில் அந்நாளில் பயின்றோர் பலரும் தத்தமக்குரிய வழியையே கண்டனர். ஆதிமூலம் கறுப்பு மையினால் வரைந்த கோட்டோவியங்களால் புகழ் பெற்றார். ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டிச் சிற்பம் சமைத்தார். இராமானுசம் என்பவர்க்குப் பேச்சு எளிதில் வாராது. உலகம் அவரைப் பொருட்படுத்தாத காலத்தில், பணிக்கர் அவர் திறனை அறிந்து ஆதரித்தார். கனவில் காண்பன போன்ற மாளிகைகளையும் விந்தை உயிர்களையும் நுண்ணிய மைக்கோடுகளால் அவர் தீட்டினார். இளமையிலேயே 1973-இல் அவர் மறைந்தாராயினும், வாயால் சொல்ல இயலாதவற்றை அவர்தம் ஓவியங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கலையைக் கற்பித்தலோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடுமோ? கல்வி முடித்து வெளியேறும் மாணவர்க்கு ஓவியங்களை வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலரே. பசி வந்துழித் தூரிகை கைந்நழுவும். கற்ற கலை வீணாகும். பணிக்கர் இதனை நன்கு அறிந்தவர். தாமும் ஒருகாலத்தில் பிழைப்பின் பொருட்டு வேறு பணி செய்தவரன்றோ? ஆதலின், கைத்தொழிலால் பொருளீட்டிக் கலையைக் காக்கலாம் என மாணவர்க்கு வழிகாட்டினார். துணியின்மீது உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்பு மெழுகை நீக்க, அழகிய உருவம் தோன்றும். பாத்திக் எனப்படும் இவ்வேலையை அவர்கள் செய்து விற்றனர். அவ்வாறு ஈட்டிய பொருளைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் என்னும் கலைஞர் சிற்றூரை அமைத்தனர். ஏறத்தாழ 30 கலைஞர்கள் இம்முயற்சியில் ஒன்றுபட்டனர். பணிக்கரும் பணியினின்று ஓய்வு பெற்றபின் அங்கேயே வாழ்ந்து, 1977-இல் மறைந்தார். அவ்வூர் இன்றும் கலைஞர்க்கு உறைவிடமாய் விளங்குகிறது.

நன்னூல் நல்லாசிரியர்க்கு நிலத்தை உவமை கூறும். நிலம் தன்னை அகழ்வாரைப் பொறுக்கும். உழுவார் முயற்சிக்கேற்பப் பயன் தரும். ஒரே நிலத்தில் நெல்லும் கரும்பும் வாழையும் தத்தம் இயல்போடு வளர்தல் காண்கிறோம். எல்லாப் பயிரும் ஒன்றுபோல் ஆகவேண்டும் என நிலம் விரும்புவதில்லை. தாமும் கற்றுக்கொண்டே கற்பித்து, மாணவரைத் தத்தம் இயல்பில் வளரவிட்டு, அவர்தம் வாழ்வுக்கும் வழிகண்ட பணிக்கர் அவ்வுவமைக்கு உரியவரே. மாணவர்களே! நீங்கள் எக்கலையைக் கற்பினும், ஆசான் கூறும் சொல்லைச் செவியால் கேளுங்கள். அவர் உழைக்கும் கையைக் கண்ணால் காணுங்கள். பின்பு உங்கள் கையால் உங்களுக்குரியதைச் செய்யுங்கள்.