மூச்சடைத்த இரும்பு

தூத்துக்குடியில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது புதிதல்ல. உப்புக் காற்று விடாது. டொராண்டோவின் பழைய செங்கல் வீடுகளிலோ நூறாண்டு கண்ட வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் இன்றும் அறையைச் சூடாக்குகின்றன. உள்ளே ஓடுவது தண்ணீர்தானே, எப்படி? மூடிய குழாயில் சுற்றும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் துருவும் அடங்கிவிடும். கறுத்துவிட்டதே என்று அந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதுதான் தவறு.

ரேடியேட்டரை 1850களில் உருவாக்கியவராக அறியப்படுபவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஃபிரான்ஸ் சான் கல்லி.

ரேடியேட்டரின் மேல்பகுதி மட்டும் சில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பக்கவாட்டு வால்வைச் சிறு சாவியால் மெல்லத் திருப்பினால் ‘உஸ்ஸ்’ என்று காற்று போகும். தண்ணீர் சொட்டியதும் மூடிவிட வேண்டும்.

கழற்றிய ரேடியேட்டரை மீண்டும் இணைக்குமுன் உள்ளே அலசி, அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது கட்டாயம். மரையில் சணல் சுற்றி, பசை தடவி, நட்டை நிதானமாக முறுக்க வேண்டும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும்.