மணியோசைக்குக் காத்திருத்தல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் உச்சிக்காலப் பூசை முடிந்த பிறகே உணவருந்துவார் என்று இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சொல்வார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டி, ஒரு மண்டபத்து மணி கேட்டதும் அடுத்த மண்டபத்தில் அடிப்பார்களாம். மன்னர் குதிரை வீரனை அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காது கொடுத்திருந்தார், அவ்வளவே.

திரையில் பொத்தான்களோடு இயங்கும் நிரல் எழுதுவோருக்கும் இதே தேவை வருகிறது. வினா ஒன்று தோன்ற வேண்டும். விடைக்குரிய பொத்தானை அழுத்தும் வரை நிரல் நிற்க வேண்டும். ‘அழுத்தியாயிற்றா, அழுத்தியாயிற்றா’ என்று ஓயாமல் கேட்கும் சுழற்சியை எழுதவே முதலில் யாருக்கும் தோன்றும். எழுதினால் திரை உறைந்துவிடும். ஒரு கணிப்பொறிக்கு இருவர், மூவர் அமரும் ஆய்வகத்தில் அதை மூடித் திறப்பதில் போகும் பத்து நிமிடம் சிறிய இழப்பன்று. வீட்டில் கணிப்பொறி இல்லாத எங்களுக்கு அந்த ஆய்வக வகுப்பே பயிற்சி.

உறைவது ஏன்? ஒவ்வோர் அழுத்தமும் ஒரு நிகழ்ச்சியாக வரிசையில் போய் நிற்கிறது. அவற்றை எடுத்து உரிய செயற்கூற்றிடம் ஒப்படைப்பது ‘நிகழ்ச்சிச் சுழற்சி’ என்னும் பகுதியின் வேலை. நம் கேள்விச் சுழற்சியோ அதற்கு இடமே கொடுப்பதில்லை. மன்னர் ‘மணி அடித்தாயிற்றா’ என்று கத்திக்கொண்டே இருந்தால் மணியோசை அவர் காதில் விழுமா? ‘ஸ்லீப்’ கட்டளையும் உதவாது. தூங்குபவருக்கும் மணி கேட்காது.

பைத்தான் மொழியின் டிகிண்டரில் இதற்கென்றே ‘வெயிட் வேரியபிள்’ என்ற கட்டளை உண்டு. ஒரு மாறியைச் சுட்டி, அதில் மதிப்பு இடப்படும் வரை காத்திரு என்கிறோம். நிரல் அடுத்த வரிக்குப் போகாது. ஆனால் நிகழ்ச்சிச் சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும், திரையும் உயிரோடிருக்கும். பொத்தானுக்குரிய செயற்கூறு மாறியில் விடையை இட்டதும், நின்ற இடத்திலிருந்து நிரல் தொடரும்.

பொத்தானை அழுத்தாமல் சாளரத்தையே ஒருவர் மூடிவிட்டால்? மணி அடிப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார், மன்னர் பட்டினி! மாறிக்கு மதிப்பே வராமல் நிரல் முடிவின்றிக் காத்துக் கிடக்கும். ஆகவே மூடும் நிகழ்ச்சிக்கும் ஒரு செயற்கூறு எழுதி, மாறியில் ஒரு தனி மதிப்பை இட வேண்டும். காத்திருந்த வரிக்கு அடுத்த வரியில் அந்த மதிப்பைச் சோதித்து, சாளரத்தை அங்கே மூடிக்கொள்ளலாம்.