மழை விட்டதும் மந்தைக்குள் நுழைவது யார், தெரியுமா?

பெரம்பூரில் பஸ் ஏறி மாதவரம் பால்பண்ணையில் இறங்கியிருக்கிறீர்களா? அங்கேதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. எதிர்த் திசையில் போனால் வேப்பேரி. அங்கே 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் குடியிருக்கிறோம். ஆனால் ஒரு சின்னஞ்சிறு பூச்சிக்கும் இந்த விஞ்ஞானிகளுக்கும் நடந்த பெரிய யுத்தம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பூச்சியைக் கொசு என்று நினைத்துவிடாதீர்கள். கொசு அதன் பக்கத்தில் யானை! க்யூலிகாய்டிஸ் என்பது அதன் பெயர். உடம்பின் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். நாம் வீட்டில் கட்டும் கொசுவலையின் கண்ணுக்குள் அது சர்வசாதாரணமாக நுழைந்துவிடும். கொசு போல ஊசியை இறக்கி உறிஞ்சும் பழக்கமும் அதற்குக் கிடையாது. கத்தரி போன்ற வாயால் தோலைக் கீறி, ஊறி நிற்கும் ரத்தத்தைக் குடிக்கும். அதுவும் பெண் பூச்சி மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பூச்சிகள்தான் கோகோ செடியின் நுணுக்கமான பூக்களுக்குள் புகுந்து மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. அவை இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் கையில் சாக்லேட் இருக்காது! ஒரு சொந்தம் இனிப்புத் தருகிறது, இன்னொரு சொந்தம் ஆட்டுக்கு எமனாகிறது.

எமன் என்று சும்மா சொல்லவில்லை. செம்மறியாட்டுக்கு வரும் நீலநாக்கு நோயைச் சுமந்து வருவது இந்தப் பூச்சிதான். முதலில் கடும் காய்ச்சல். பிறகு உதடும் முகமும் பருக்கும். மூக்கில் சளி வடிந்து, காய்ந்து, பொருக்குத் தட்டி அடைக்கும். நாக்கு வீங்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில ஆடுகளுக்கு நீலம் பாய்ந்துவிடும். பெயர் வந்தது அப்படித்தான். குளம்புக்கு மேலே தோல் சேரும் இடம் சிவந்து புண்ணாகும். ஆடு நொண்டும், சில ஆடுகள் முட்டி போட்டே மேயப் பார்க்கும். பசி இருக்கும், தழையும் எதிரே இருக்கும், வாய் மட்டும் இடம் கொடுக்காது. அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

இந்த நோய்க்குப் பஞ்சாங்கம் தெரியும் என்றால் நம்புவீர்களா? ஆந்திரம், தெலங்கானா பக்கம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியே அது தலைகாட்டத் தொடங்கும். தமிழ்நாட்டிலோ ஐப்பசி, கார்த்திகை அடைமழை வரை காத்திருக்கும். சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சாணமும் சேறும் கலந்து ஊறிய ஈர மண்தான் க்யூலிகாய்டிஸுக்குப் பிரசவ அறை. மழை விட்ட சில வாரங்களில் அந்திப் பொழுதில் புகை போல எழும்பும். 1997-98-ல் தமிழ்நாட்டில் இந்த நோய் கடுமையாகப் பரவியபோது செம்மறிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரத்தின் சொந்தச் சொத்தான சென்னைச் சிவப்பு ஆடும் செம்மறிதானே! வடசென்னையைத் தாண்டியதுமே அதன் மேய்ச்சல் நிலம் தொடங்கிவிடுகிறது.

வெயிலும் மழையும் சேர்ந்து எப்படிச் சதி செய்கின்றன, பாருங்கள். பூச்சி நோயாளி ஆட்டைக் கடித்தவுடனே அடுத்த ஆட்டுக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. வைரஸ் முதலில் பூச்சியின் வயிற்றில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். நல்ல கதகதப்பு இருந்தால் ஏறக்குறைய பத்து நாளில் வேலை முடிந்துவிடும். 12 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் வைரஸ் அப்படியே முடங்கிப்போகும். ஆனால் சென்னையில் மார்கழிக் குளிர் என்று நாம் போர்த்திக்கொள்வதே 20 டிகிரியை ஒட்டித்தானே! வைரஸுக்கு இங்கே விடுமுறையே கிடையாது.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. தானாகப் பறந்தால் இந்தப் பூச்சி அதிக தூரம் போகாது. கடற்காற்றில் சிக்கினாலோ நூறு கிலோமீட்டருக்கு மேலும் மிதந்து போய் அக்கரை சேரும்! குளிர் நாடுகளுக்கு இந்த நோய் எட்டாது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 2006-ல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி என்று வடக்கு ஐரோப்பாவுக்குள்ளேயே நுழைந்து அந்த நம்பிக்கையை உடைத்தது. 2023 செப்டம்பரில் நெதர்லாந்தில் இன்னொரு வகை கிளம்பி ஆட்டு மந்தைகளைச் சூறையாடியது.

அது சரி, மழை இல்லாத மாதங்களில் வைரஸ் எங்கே ஒளிகிறது? மாட்டுக்குள்! மாட்டுக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. மாடு வழக்கம்போல அசைபோட்டுக்கொண்டிருக்கும். அதன் ரத்தச் சிவப்பணுக்களின் மடிப்புகளில் வைரஸ் பதுங்கியிருக்கும். அந்த மாட்டிலிருந்து பூச்சிக்குத் தொற்றக்கூடிய காலம் 60 நாள் வரை என்று சர்வதேச விதிகள் கணக்கு வைத்திருக்கின்றன. ஒரே கொட்டகையில் மாட்டையும் செம்மறியையும் கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது மாதவரத்துக்குத் திரும்புவோம். நீலநாக்கு வைரஸில் ஒரு வகை அல்ல, இந்தியாவில் மட்டுமே இருபதுக்கும் மேற்பட்ட வகைகள். ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு இன்னொரு வகையிடம் செல்லுபடியாகாது. போதாததற்கு அதன் மரபணு பத்துத் துண்டுகளாக இருப்பதால், ஒரே பூச்சிக்குள் இரண்டு வகை சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொண்டு புது அவதாரம் எடுத்துவிடும்! இதற்கு எந்த மருந்தை எப்படிச் செய்வது? 1, 2, 10, 16, 23 என்ற ஐந்து வகைகளையும் செயலிழக்கச் செய்து ஒரே ஊசிக்குள் அடக்கினார்கள். அந்த ஐந்து வகைத் தடுப்பூசியின் பிறப்பில் நம் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரம்பூர்க்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கொள்ளைப் பெருமை.

பூச்சி சுமக்கும் நோய் ஆட்டோடு நிற்பதில்லை. எங்கள் தெருவில் பால் ஊற்றும் அக்கா வீட்டுப் பசுவுக்கு ஒரு மழைக்காலத்தில் உடம்பெல்லாம் கழலை. கழுத்திலும் விலாவிலும் எலுமிச்சங்காய் அளவு, தொட்டால் கல் மாதிரி. கொம்பில் வேப்பிலை கட்டி, மஞ்சள் அரைத்துப் பூசி, பக்கத்திலேயே குந்தியிருந்தார். “கொசு கடிச்சதுக்கா தம்பி இம்மாம் பெருசு வீங்கும்? அம்மாதான் வந்திருக்கா” என்றார். அம்மை என்று அவர் சொன்னதில் பாதி உண்மை! தோல் கழலை நோயின் வைரஸ் ஆட்டம்மை வைரஸுக்குக் கூடப்பிறந்த மாதிரி. அதனால்தான் ஆட்டம்மைக்கான தடுப்பூசியையே மாட்டுக்கும் போடுகிறார்கள்.

1929-ல் ஜாம்பியாவில் முதன்முதலில் பதிவான இந்த நோய் 90 ஆண்டு நடந்து 2019-ல் ஒடிசாவுக்கு வந்து சேர்ந்தது. 2022-ல் மட்டும் இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. இங்கே பூச்சியின் வேலையே வேறு. மாட்டு ஈயோ கொசுவோ உண்ணியோ வைரஸை வயிற்றில் வளர்க்கத் தேவையில்லை. கழலையைக் கடித்த வாயோடு அடுத்த மாட்டைக் கடித்தால் போதும், கழுவாத ஊசி போல! நமக்கு டெங்கு தரும் ஏடிஸ் கொசுவாலும் இதைச் சுமக்க முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் நிரூபித்திருக்கிறார்கள். பெரம்பூரில் தேங்காய் ஓட்டிலும் பழைய டயரிலும் பிறக்கும் அதே கொசு!

நீலநாக்கும் தோல் கழலையும் மனிதருக்குத் தொற்றாது. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் வாங்கும் கறியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பாலைக் காய்ச்சிக் குடித்தால் போதும். ஆனால் எல்லாப் பூச்சி வைரஸும் இப்படி நல்ல பிள்ளை அல்ல. பன்றியிலும் கொக்கிலும் பெருகி, வயல்வெளிக் கொசு வழியாகக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதரிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பக்கத்தில்தான்.

ஆடு மாடு வைத்திருக்கும் வடசென்னைச் சொந்தங்களே, தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். உடம்பில் எதிர்ப்பு உண்டாக வாரக்கணக்கில் ஆகும். பூச்சி கிளம்பிய பிறகு போட்டால் வீணான ஓட்டம். கொட்டகையில் சாணச் சேறு தேங்க விடாதீர்கள். அந்தி சாய்வதற்குள் ஆட்டை உள்ளே கட்டுங்கள், வேப்பிலைப் புகை போடுங்கள். உதடு வீங்கினாலோ கழலை தெரிந்தாலோ அந்தக் கால்நடையைத் தனியே பிரித்துக் கட்டிவிட்டு 1962-க்கு போன் செய்யுங்கள். அது கால்நடை ஆம்புலன்ஸின் இலவச எண்.