கண்ணாடி போட்டால் போதுமா? குறும்பார்வையும் கண்ணழுத்த நோயும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் தோட்டங்களில் காலைப்பொழுது கிணற்றடியில்தான் தொடங்குகிறது. வெங்காயத் தோட்டமொன்றுக்கு நாம் போயிருந்தபோது, அங்கே வேலைக்கு நின்ற ஒருவர் தண்ணீர்க் குழாயில் கால் தடுக்கி விழுந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். சிறுவயது முதல் தடித்த கண்ணாடி அணிபவர். 1990ஆம் ஆண்டு பெற்றோருடன் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்.

"வயசு போகுது பாதர், வேறொன்றுமில்லை" என்றார் அவர். மனைவி சொன்னதோ வேறு. "பக்கத்தில் நிற்கிற ஆடு இவருக்குத் தெரியுதில்லை. சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிற தண்ணியைத் தட்டி விடுறார். ஆனால் கடிதம் மட்டும் நல்லா வாசிக்கிறார்."

கண் வைத்தியரிடம் காட்டியபோது உண்மை தெரிந்தது. அவருக்குக் கண்ணழுத்த நோய். ஒரு கண்ணில் பக்கப் பார்வையின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அதற்கு முன்னர் அவர் பலமுறை கண்ணாடிக் கடைக்குப் போய் வில்லையை மாற்றியிருக்கிறார். எழுத்து தெளிவாகத் தெரிந்ததால் கண் சுகம் என்று நம்பியிருக்கிறார். "கண்ணாடி போட்டிருக்கிறேனே, பிறகென்ன பயம்?" என்ற இந்த நம்பிக்கை நம்மில் பலருக்கும் உண்டு. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

நோய் எப்படி வருகிறது?

நமது கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும். வயலில் வாய்க்கால் அடைபட்டால் வரம்பு அழுந்துவது போல, கண்ணின் பின்புறத்தில் உள்ள பார்வை நரம்பு அழுந்திச் சிதைகிறது. அந்த நரம்பில் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய இழைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாய் மடியும்போது வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் பக்கப் பார்வை போகும். நடுப்பார்வை கடைசியில்தான் போகும். போன பார்வை மருந்தாலும் சத்திரசிகிச்சையாலும் திரும்புவதில்லை. எஞ்சிய பார்வையைக் காப்பாற்றுவது மட்டுமே முடியும்.

இது உடம்பின் இரத்த அழுத்தம் அல்ல. 'பிறஷர்' சரியாக இருப்பவருக்கும் கண்ணழுத்த நோய் வரலாம். கண்ணின் அழுத்தமே சாதாரண அளவில் இருக்கும்போதும் நரம்பு பழுதாகும் நோயாளர்கள் உளர்.

குறும்பார்வைக்கு இதில் என்ன பங்கு?

கிட்ட உள்ளது தெரிந்து தூர உள்ளது மங்கலாய்த் தெரிவதே குறும்பார்வை. பெரும்பாலும் கண்கோளம் முன்பின்னாக நீண்டு வளர்வதே இதற்குக் காரணம். வளர்ந்தவரின் கண் சாதாரணமாக 23, 24 மில்லிமீற்றர் நீளம். கடுமையான குறும்பார்வையில் அது 26 மில்லிமீற்றரையும் தாண்டும். நீளும்போது கண்ணின் சுவர் மெலிகிறது. பார்வை நரம்பு வெளியேறும் வாசலில் உள்ள வலை போன்ற தட்டும் இழுபட்டு மெலிகிறது. அதனால் மற்றவர் கண் தாங்கும் அழுத்தத்தை இந்தக் கண் தாங்காமல் போகலாம். கண்ணாடி ஒளியைச் சரியான இடத்தில் விழச் செய்கிறது. நீண்ட கண்ணை அது குறுக்குவதில்லை. லேசர் சிகிச்சையால் கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் இதே கதைதான்.

அவுஸ்திரேலியாவின் நீலமலைப் பிரதேசத்தில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. குறும்பார்வை இல்லாத கண்களில் நூற்றுக்கு 1.5 கண்களில் இந்நோய் இருந்தது. குறைந்த குறும்பார்வை உள்ள கண்களில் அது 4.2, அதற்கு மேற்பட்டவற்றில் 4.4. நமக்கு அண்மையில், மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரை அரவிந்த் கண் வைத்தியசாலையினர் பரிசோதித்தனர். 2003இல் வெளியான அந்த ஆய்வும், பரவலாகக் காணப்படும் திறந்த கோண வகை நோயோடு குறும்பார்வைக்குத் தொடர்பு இருப்பதைக் கண்டது. அந்நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை கண்டறியப்பட்டிருக்கவில்லை. நம்மைப் போலத் தமிழ் பேசி, நம்மைப் போல மண்ணை நம்பி வாழும் மக்கள் அவர்கள்.

பயம் வேண்டாம். குறும்பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. வந்தவர்களிலும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் முற்றுவதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகள் அசையாமல் நிற்கிறது. சிலருக்கு விரைந்து முற்றுகிறது. நீண்ட கண்ணில் நரம்பின் தோற்றமே மாறியிருப்பதால், ஒரே பரிசோதனையில் முடிவு சொல்வதும் கடினம். சென்ற ஆண்டின் பரிசோதனையோடு இந்த ஆண்டினதை ஒப்பிட்டுத்தான் வைத்தியர் அறிகிறார்.

இடம்பெயர்ந்தோருக்கு ஒரு வார்த்தை

இங்கேதான் நமது நிலைமை குறுக்கே வருகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போர்க்காலத்தில் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும் உடுத்த உடையோடு வந்தவர்கள். 2009இன் பின் சிலர் திரும்பினர். பலருக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் சொந்த ஊரில். விதைப்புக்கு அங்கே, பிள்ளைகளின் படிப்புக்கு இங்கே. இந்த அலைச்சலில் கிளினிக் தவணை தவறுகிறது, மருந்து இடையில் நிற்கிறது, பழைய தாள்கள் தொலைகின்றன. ஆகவே கிளினிக் கொப்பியையும் பரிசோதனைத் தாள்களையும் பொலித்தீன் பையில் இட்டு, அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் வையுங்கள். எந்த மாவட்டத்துக்குப் போனாலும் கொண்டு செல்லுங்கள்.

மற்றொன்று, இந்நோய் குடும்பத்தில் வரும். ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். நமது உடன்பிறப்புகளோ திசைக்கொருவராய்ச் சிதறியிருக்கிறார்கள். மன்னாரில் இருக்கும் தம்பிக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்கும் செய்தி சொல்லுங்கள்.

நாம் செய்யவேண்டியவை

40 வயதைக் கடந்தவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது கண் வைத்தியரிடம் காட்டுங்கள். தடித்த கண்ணாடி அணிபவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும் ஆண்டுதோறும் காட்டுவது நல்லது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. அழுத்தத்தை அளக்கவும், நரம்பைப் பார்க்கவும், தேவையானால் பக்கப் பார்வையைச் சோதிக்கவும் கேளுங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணிநேரம் பார்வை மங்கும். அன்று சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவேண்டாம்.

துளிமருந்து தந்தால் நாள் தவறாது விடுங்கள். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். தொய்வு வருத்தம் உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். சில துளிகள் மூச்சுத்திணறலைக் கூட்டும். 2022இல் ஏற்பட்டதுபோல் மருந்துத் தட்டுப்பாடு வந்தால் நிறுத்திவிடாமல் மாற்று மருந்தைக் கேளுங்கள்.

மணற்காற்றாலோ மிளகாய்த் தூளாலோ கண் சிவந்தால் கடையில் கேட்டு ஏதோவொரு துளியை வாங்கி விடாதீர்கள். ஸ்டீரொய்ட் கலந்த துளிகளைத் தொடர்ந்து பாவித்தால் கண்ணழுத்தம் ஏறும். குறும்பார்வை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

திடீரெனக் கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்பன வந்தால் அன்றே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். அது வேறு வகைக் கண்ணழுத்தம். ஒரு நாளும் பொறுக்காது.

பிள்ளைகளை நாளாந்தம் வெளியே விளையாட விடுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளிவெளிச்சம் கொடுத்தபோது, மூன்று ஆண்டுகளில் புதிதாகக் குறும்பார்வை கண்டவர்கள் குறைந்தனர் என்று 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நமது கடற்கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

நாம் சொன்ன அந்த மனிதர் இப்போதும் தோட்டத்துக்குப் போகிறார். இழந்த பார்வை திரும்பவில்லை; மருந்தை ஒழுங்காக விடுவதால் எஞ்சியது நிற்கிறது. கிணற்றுக்கட்டுப் பக்கம் மட்டும் மனைவி அவரைத் தனியே விடுவதில்லை. எரிக்கோ வழியோரத்துக் குருடன் கூட்டத்தார் அதட்டியும் அடங்காமல் குரல் கொடுத்தான். இந்த நோய் தானாகக் குரல் கொடுக்காது. நாம்தான் போய்க் கேட்கவேண்டும்.