வீட்டுக்குள் ஒரு லேத்... தேய்ந்த ஷாஃப்ட்டுக்கு மறுவாழ்வு!

கோவை கணபதி, பீளமேடு பக்கம் போனால், வீட்டின் முன்பகுதியிலேயே லேத் ஓடுவதைப் பார்க்கலாம். கம்பெனிகளின் ஜாப் ஒர்க் போக, அக்கம்பக்கத்து மோட்டார்களுக்கும் இதுதான் வைத்தியசாலை.

அடிக்கடி வரும் நோயாளி, தண்ணீர் மோட்டாரின் ஷாஃப்ட். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்தால் மோட்டார் ஆடும், இரைச்சல் போடும். உதாரணமாக, 6203 பேரிங்கின் உள்விட்டம் 17 மி.மீ. ஷாஃப்ட் தலைமுடி அளவு இளைத்தாலே பேரிங் பிடிக்காமல் வழுக்கும்.

அவசரத்துக்கு அந்த இடத்தில் பஞ்ச் அடித்து இறுக்குபவர்களும் உண்டு. அது அதிக நாள் தாங்காது. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, லேத்தில் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து பொருத்துவதே சரியான வழி.

வீட்டுக்குள் மெஷின் இருந்தால் கவனமும் இரட்டிப்பாக வேண்டும். சக் சாவியை எடுக்காமல் ஸ்விட்சைப் போட்டால், அது தெறித்து ஆளையே அடிக்கும். கையுறை, துப்பட்டா, விரித்த கூந்தல் எதுவானாலும் சுழலும் சக் இழுத்துக்கொள்ளும். கத்திபோல இருக்கும் இரும்புச் சுருளைக் கொக்கியால்தான் எடுக்க வேண்டும். மெஷின் ஓடும்போது குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது.

மோட்டார் சத்தம் போடுகிறதா? புதுசு வாங்கும் முன், ஒருமுறை லேத்துக்காரரிடம் காட்டிவிடுங்கள்!