விடிய விடிய படித்தும் மறப்பது ஏன்?

கல்லூரியில் கடைசிப் பரீட்சை வந்துவிட்டால், அது மாணவனுக்கு மட்டும் பரீட்சை அல்ல. வீட்டுக்கே பரீட்சை!

நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த பெற்றோர், பட்டம் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பாடத்தில் தவறினாலும் பட்டம் தள்ளிப்போகும். கிடைக்க இருந்த வேலையும் கை நழுவிப் போகலாம்.

ஆகவே, கடைசி நாளில் பலர் விடிய விடிய படிக்கிறார்கள். ஆனால் கேள்வித்தாளைக் கண்டதும் பாதி மறந்துவிடுகிறது. "அத்தனையும் படித்தேனே, எங்கே போயிற்று?" என்று கலங்குகிறார்கள்.

மறதிக்கும் கணக்கு உண்டு

இந்த மறதியை அளந்து பார்த்தவர், ஜெர்மனி நாட்டு அறிஞர் எப்பிங்காஸ். பொருள் இல்லாத அசைகளை அவரே மனப்பாடம் செய்தார். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கு எடுத்தார். அதை 1885-ம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார்.

ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் மறந்துவிட்டது! ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது!

பொருள் உள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் அவர் கண்ட இன்னொரு உண்மை மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். ஒரே நாளில் 68 தடவை படித்துக் கிடைத்த பலன், 3 நாட்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது.

புத்தகத்தை மூடு!

2006-ம் ஆண்டில் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அறிஞர்கள் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை 4 முறை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் 3 முறை எழுதினார்கள்.

5 நிமிடம் கழித்துக் கேட்டபோது, 4 முறை படித்தவர்களே முந்தினார்கள்.

ஒரு வாரம் சென்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 100-க்கு 61 பங்கு நினைவில் இருந்தது. படித்தவர்களுக்கோ 40 பங்குதான்!

காரணம் என்ன? திரும்பத் திரும்பப் படித்தால், எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும். புத்தகத்தை மூடினால்தான், எது தெரியாது என்பது தெரியும்.

செய்ய வேண்டியது

பாடங்களை நாள்தோறும் கொஞ்சமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். பழைய கேள்வித்தாளை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழு நேரமும் உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். விட்டுப்போன இடத்தை மட்டும் மீண்டும் படிக்க வேண்டும்.

தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதற்குத் தூக்கம் உதவுகிறது.

அம்மாவும் உதவலாம்

"எனக்கு எழுத்தே தெரியாது. நான் என்ன உதவ முடியும்?" என்று எந்தத் தாயும் நினைக்க வேண்டியதில்லை. "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்!" என்று கேட்டால் போதும். மகள் தடுமாறாமல் சொன்னால், பாடம் பதிந்துவிட்டது. தடுமாறினால், எதை மறுபடி படிக்க வேண்டும் என்று அவளே தெரிந்துகொள்வாள்.