மொழிப்பெயரும் மொழிக்குறியும்: கணிப்பொறி விளையாட்டுகளின் மொழியாக்கத்தில் ஒரு சிக்கல்

1. சிக்கல்

கணிப்பொறி விளையாட்டு ஒன்று முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டு, ஆடுபவர் தம் மொழியைத் தேர்ந்தெடுத்த பின்னரும், திரையில் ஆங்கிலமே தோன்றுவதுண்டு. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. தேர்ந்தெடுத்த மொழியின் பெயரை நிரல் தன் பட்டியலிலுள்ள பெயர்களோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிடில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு பயன்படாமல் கிடக்க, குறையும் அவர்மேலேயே ஏற்றப்படுகிறது. இப்பொருந்தாமையின் காரணங்களையும் அவற்றைக் கண்டறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. காரணங்கள்

அ) பெயர் வேறுபாடு: ஸ்டீம் விற்பனைத் தளத்தின் நிரலிடைமுகம் கொரிய மொழியைக் 'கொரியானா' என்றும், பிரேசில் நாட்டுப் போர்த்துக்கீசியத்தைப் 'பிரேசிலியன்' என்றும் குறிக்கிறது. 'கொரியன்' எனத் தேடும் நிரல் அதனைக் காணாது. பெயர்கள் காலப்போக்கில் மாறவும் செய்கின்றன. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலிருந்த 'ஒரியா' 2011ஆம் ஆண்டின் 96ஆம் திருத்தத்தால் 'ஒடியா' ஆயிற்று. ஆனால் ஐ.எஸ்.ஓ. 639 தரத்தில் அம்மொழிக்குரிய 'ஓ-ஆர்' என்னும் ஈரெழுத்துக் குறி மாறவில்லை.

ஆ) எழுத்துவடிவ மாற்றம்: ஆங்கிலப் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்கி ஒப்பிடுவது வழக்கம். துருக்கிய அமைப்புடைய கணிப்பொறியில் பெரிய 'ஐ' என்னும் எழுத்து புள்ளியற்ற சிறிய எழுத்தாகலாம். அப்போது 'இத்தாலியன்' என்னும் பெயர் தன்னோடே பொருந்தாமற் போகும்.

இ) குறியெண் வேறுபாடு: யூனிகோடில் 'போர்த்துக்கீசியம்' என்பதன் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியெண் வரிசையை மட்டும் நோக்கும் கணிப்பொறிக்கு வேறு.

3. கண்டறிதலும் தீர்வும்

ஒப்பிடப்படும் இரு எழுத்துத்தொடர்களையும் அவற்றின் நீளத்தோடும் குறியெண்களோடும் அச்சிட்டுப் பார்ப்பதே முதற்படி. நீளம் வேறுபடின் ஓரத்தில் ஒட்டிய இடைவெளியையோ பிரிந்த உயிர்க்குறியையோ ஐயுறலாம். நீளம் ஒத்தும் எண்கள் வேறுபடின் எழுத்துவடிவ மாற்றத்தை ஐயுறலாம். இடைவெளியை நீக்குதல், யூனிகோடு வடிவத்தைச் சீராக்கல், வட்டார அமைப்பைச் சாராத முறையில் சிறிய எழுத்தாக்கல் ஆகியவை உடனடித் தீர்வுகள்.

நிலையான தீர்வு வேறு. பெயர் மக்கள் படிப்பதற்கு; குறி நிரல் ஒப்பிடுவதற்கு. வழங்கும் பெயர்கள் அனைத்தையும் உரிய குறியோடு இணைக்கும் அட்டவணை ஒன்றை அமைத்து, அதில் அடங்காத பெயர் வரும்போது நிரல் அதனைப் பதிவுசெய்யுமாறு செய்தல் வேண்டும். குறிகளும் மாறியதுண்டு: 1989இல் எபிரேயத்தின் 'ஐ-டபிள்யூ' 'எச்-ஈ' ஆயிற்று. ஆதலின் பழைய குறிகளும் அட்டவணையில் இடம்பெறல் வேண்டும்.

எவ்விரு பெயர்கள் ஒரே மொழியைச் சுட்டுகின்றன, எவ்விரு வழக்குகளுக்குத் தனித்தனி மொழிபெயர்ப்புத் தேவை என்பவை மொழியியல் வினாக்கள். அவற்றை நிரலாளரிடம் மட்டும் விட்டுவிடாது, அட்டவணையை வகுக்கும்போதே மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் பங்கேற்பது இன்றியமையாதது.